இடப்பக்க மேல்மூலை

டண்டினோங்கில் வருடத்துக்கு ஒரு தடவை
வேண்டாத சாமான்களைத் தெருவோரம் வைப்பார்கள்.
தொண்ணூற்றி ஒன்றில் எங்கள் ரீவி அப்படித்தான் வந்தது,
அப்பாவும் பக்கத்து வீட்டு ஸ்தாவ்ரோஸும்
போர்வையில் கிடத்தி, காயக்காரனைத் தூக்குவதுபோல.

கூடவே ஒரு டெக்.
அதன் வாய்க்குள் சிக்கியிருந்த கசெற்.
முதல் பத்து நிமிடம் அழிந்துபோன கார்ட்டூன் படம்,
அதனால் பெயர் தெரியாது.
தவளை ஒன்று மழையைத் தேடிப் போகிறது.
அவ்வளவுதான் கதை.

ஆனால் பாதி வழியில் அது
ஒரு நீலக் காளானை நக்கும்.
பிறகு
கேத்திலுக்குக் கால் முளைக்கும்.
நிலா நடுவால் பிளந்து படிக்கட்டு இறங்கும்,
ஒவ்வொரு படியும் ஒரு நாக்கு.
தவளையின் தோல்
தவளையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்
தனியே நடந்து போகும்.
பூவுக்குள் கண், கண்ணுக்குள் மீன்,
மீன் வாயைத் திறந்தால் திரும்பவும் அந்தப் பூ.

ஆங்கிலம் பிடிபடாத வயது.
பாடுகிறவன் ஏன் அழுகிறான் என்று விளங்கவில்லை.
கதிரைக்குப் பின்னால் நின்று
விரலிடுக்கால் பார்த்தேன்.
மயூரதன் அண்ணா மட்டும்
திரையில் மூக்கு முட்டுமளவு கிட்ட.

எல்லாவற்றிலும் பயங்கரம் அந்த ஊதா.
இடப்பக்க மேல்மூலையில் குடியிருந்தது.
தவளை அங்கே தாவினால் ஊதா,
மேகம் ஒதுங்கினால் ஊதா,
மழை கடைசியில் அங்கிருந்துதான் வந்தது,
முதல் துளியும் ஊதா.
கத்தரிப்பூவின் நிறமில்லை.
நாவற்பழம் தின்ற நாக்குமில்லை.
அடிபட்ட மூன்றாம் நாள் தோல் காட்டுமே,
அதற்குக் கொஞ்சம் கிட்ட.

ஒரு நாள் செய்தியில் எங்கள் தீவின் படம் வந்தது.
அரை நிமிடம்.
அதன் தலை அந்த மூலைக்குள் போயிருந்தது.
அம்மா எழும்பிப் போய்
ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள்.
வாசிக்கிறவர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்,
குதிரைப் பந்தயம்.
அம்மா துடைத்துக்கொண்டே நின்றாள்.

இப்போது லொன்ஸ்டேல் தெருப் பெயின்ற் கடையில்
நிறம் கலப்பது என் வேலை.
தலையணை உறை கொண்டுவருவார்கள்,
லிப்ஸ்டிக் கொண்டுவருவார்கள்,
ஒருத்தி செத்த கிளியின் இறகு கொண்டுவந்தாள்.
எல்லாம் மெஷின் வாசிக்கும், நான் சொட்டுவேன்.
ஆள் வராத மத்தியானங்களில்
எனக்கென்று ஒரு சின்ன வாளி.
சிவப்பு இரண்டு சொட்டு, நீலம் ஏழு,
கறுப்பு ஊசிமுனையளவு.
கொப்பியில் நாற்பத்தியொரு தோல்வி எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் மகள் அந்தப் படத்தைக்
கண்டுபிடித்துத் தந்தாள்.
கழுவித் துடைத்த புதுப் பிரதி.
பெயரும் இருந்தது, சொல்லும்படியாக இல்லை.
காளான் இருந்தது. நாக்குப் படிகள் இருந்தன.
இடப்பக்க மேல்மூலையில்
பிஸ்கட் நிறத்தில் வெறும் வானம்.
நிறுத்தினேன். பின்னுக்கு ஓட்டினேன்.
திரும்பவும் பிஸ்கட்.
‘இதுக்கா அம்மா பயந்தனீங்கள்?’ என்றாள் இயலினி.

பேர்த்துக்கு எடுத்தேன்.
அண்ணா சுரங்கத்தில் வேலை முறையில் நின்றான்.
‘அந்த ஊதா’ என்று தொடங்க முதலே சிரித்தான்.
‘நான்தான்.
ஸ்தாவ்ரோஸின்ரை உடைஞ்ச ஸ்பீக்கரில
காந்தம் ஒண்டு கழட்டி
மூலையில வைச்சுப் பார்த்தனான்.
ஒரு நிமிசம்தான்.
எடுத்த பிறகும் போகேல்லை.’
‘ஏன் சொல்லேல்லை?’
‘அப்பா அடிப்பார் எண்டுதான்.’
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

‘அம்மா அதைத் துடைச்சவா,
ஞாபகம் இருக்கோ?’ என்றேன்.

அந்தப் பக்கம்
லொறி ஒன்று பின்னுக்கு வருகிற சத்தம்
கனநேரம் கேட்டது.